பட்டாணி டப்பாவின் பச்சை மை

கையை விடுங்க தம்பி, நான் எங்கயும் ஓடிப்போகல. பையைப் பாக்கணுமா, பாருங்க. ரெண்டு பழைய துணி, ஒரு கண்ணாடிக் கூடு, அவ்வளவுதான். உங்க கடைப் பொருள் ஒண்ணுகூட இல்ல. ஃப்ரீசரைத் திறந்து வச்சுக்கிட்டு பட்டாணி டப்பாவை ஒவ்வொண்ணா எடுத்துத் தொடைச்சுக்கிட்டிருந்தா எவனுக்கும் சந்தேகம் வரும்தான். உங்களைத் தப்பு சொல்லல.

இந்த டப்பாவைத் தொடுங்க. அட, சும்மா தொடுங்க. இப்ப விரலைப் பாருங்க, பச்சையா இருக்கா? அந்தக் கையோட மூக்கைச் சொறிஞ்சுக்காதீங்க. இந்தாங்க துணி.

அது மைதான். இந்த டப்பாவை அடிச்சது நாந்தான். அட்டைப் பெட்டி அடிக்கிற பிரஸ்ல மெஷின் ஓட்டுறேன். இத்தனை வருஷமும் சாதா அட்டை. தண்ணியில கலக்கிற மை, பட்டதும் அட்டை குடிச்சிடும், காஞ்சிடும், வேலை முடிஞ்சுது. இது அப்படியில்ல. ஃப்ரீசர்ல வைக்கிற டப்பாவுக்கு ஈரம் ஏறக்கூடாதுன்னு மேல பிளாஸ்டிக் பூசியிருக்கும். பிளாஸ்டிக் எங்க குடிக்கும்? அதனால அந்தப் பூச்சு மேல கரண்ட் காட்டி, மை பிடிக்கிற மாதிரி பண்ணித் தருவாங்க. ரொம்ப நாள் குடோன்ல கிடந்தா அந்தப் பிடிப்பு போயிடும். எங்களுது கிடந்தது.

தெரியாம பண்ணியிருந்தாலாவது பரவால்ல. டேப்பை ஒட்டி இழுத்துப் பாக்கணும், அதான் முறை. இழுத்தேன். பாதிப் படம் டேப்போட வந்துச்சு. மெஷினை நிறுத்தி முதலாளிகிட்ட சொல்லியிருக்கணுமா இல்லையா? நான் என்னடான்னா, ஒரு ராத்திரி காஞ்சா சரியாயிடும்னு விட்டுட்டேன். அட்டையிலயே ஊறின புத்தி. காலையில கையால தடவிப் பாத்தேன், கையில மை ஒட்டல. வண்டியில ஏத்தி அனுப்பியாச்சு. மறுபடி டேப் போட்டுப் பாக்கல. போட்டா என்ன வரும்னு உள்ளுக்குள்ள தெரியும்போல.

இங்க வந்து டப்பா வேர்த்ததும் மை கழண்டுக்கிச்சு. போன வாரம் யாரோ ஒரு அம்மாவோட வெள்ளைச் சட்டை பூரா பச்சை. அந்தம்மா கத்தினது யாரை? கடைசி கவுண்டர்ல பில் போடுற பொண்ணை. அவளும் பதிலுக்கு ஏதோ பேசிட்டா. இன்னொரு புகார் வந்தா வேலைக்கே வர வேண்டாம்னுட்டாராம் உங்க மேனேஜர். இன்னும் நிரந்தரம்கூட ஆகல அவளுக்கு.

எனக்கு எப்படித் தெரியுமா? வீட்டுக்கு வந்து அழுதாளே. ஆமா, என் பொண்ணுதான். ஐயோ, கூப்பிடாதீங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். லீவு போட்டுட்டு, அவ இந்தப் பக்கம் திரும்பாத நேரமாப் பாத்து வந்திருக்கேன். மிச்ச டப்பாவைத் தொடைச்சு வச்சுட்டுப் போயிடுறேன். படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். எடுக்கிறவங்க கையில ஒட்டாது, அவளுக்கும் திட்டு விழாது.

அவகிட்டயே சொல்லிடலாமேன்னா, சுலபமா சொல்லிட்டீங்க. இது எங்க பிரஸ்ல அடிச்சதுன்னே அவளுக்குத் தெரியாது. எங்கப்பா கை பட்டா மை அசையாதுன்னு இங்க எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டிருப்பா, நீங்களும் கேட்டிருப்பீங்க. எனக்கு வெக்கமா இருக்கு தம்பி, அவ மூஞ்சியைப் பாக்கவே முடியல.

அன்னிக்கு சாப்பிட உக்காந்திருக்கேன். பச்சை விரலை என் முன்னாடி நீட்டி, எந்த நாசமாப்போனவன் அடிச்சானோ, உங்க தொழில்ல இப்படியும் இருக்காங்களாப்பான்னு கேட்டா. அப்பவே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவனையெல்லாம் கையை ஒடிச்சு வீட்டுல உக்கார வைக்கணும்மான்னேன். அழுதுக்கிட்டிருந்தவ சிரிச்சுட்டா. எனக்கு இன்னொரு கரண்டி சோறு எடுத்து வச்சா. சாப்பிட்டேன்.