முன்குறிச்சது யாரு?

நீங்க உக்காருங்க பாஸ்டர், நான் நின்னுக்கிட்டே பேசுறேன். உக்காந்தா அழுகை வந்துடும். எனக்கு இப்ப அழ இஷ்டமில்ல.

என்ன சொன்னீங்க? நாம பொறக்குறதுக்கு முன்னாடியே ஆண்டவர் எல்லாத்தையும் முன்குறிச்சு வச்சுட்டாரா? சரி. என் மருமக வலது கை மெஷினுக்குள்ள போகணும்னும் குறிச்சாரா? உலகத்தப் படைக்குறதுக்கு முன்னாடி உக்காந்து இதையா யோசிச்சாரு?

மெதுவால்லாம் பேச மாட்டேன். உள்ள அவ முழிச்சுக்கிட்டுதான் படுத்திருக்கா. கேக்கட்டும்.

நாங்க வேலை பாக்குற லாண்டரியில படுக்கை விரிப்புத் தேய்க்கிற மெஷின் அது. ரெண்டு பெரிய உருளை, நெருப்பாக் கொதிக்கும். கை உள்ள போயிடக்கூடாதுன்னு முன்னாடி ஒரு தடுப்பு இருந்துச்சு. துணி அதுல மாட்டுது, வேலை தாமதமாகுதுன்னு சூப்பர்வைசர் கழட்டிட்டான். திரும்ப மாட்டுங்கன்னு இவ கேட்டா. நான் பக்கத்துல துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், என் காதால கேட்டேன். பாத்து வேலை செய், ஒண்ணும் ஆகாதுன்னான். ஆயிடுச்சு. அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா? அவ தலையெழுத்தாம்! முதலாளி வந்தாரு, நேரம் சரியில்லைன்னாரு. இப்ப நீங்க. தடுப்பக் கழட்டின கைய மட்டும் ஒருத்தரும் பாக்க மாட்டேங்கறீங்க.

என்னது? முன்குறிப்புங்கறது ரட்சிப்பப் பத்தினதா? விபத்தப் பத்தி இல்லையா? அடடா! அதை ஆஸ்பத்திரியில அவ கட்டில் பக்கத்துல நின்னு சொல்லியிருக்கலாமே! அங்க எல்லாம் ஆண்டவர் சித்தம்னுதானே ஜெபம் பண்ணீங்க? அவ மூஞ்சத் திருப்பிக்கிட்டா, பாத்தீங்கல்ல?

காலையில அவளுக்குத் தலை வாரிவிடப் போனேன். நானே வாரிக்கறேன் அத்தைன்னு இடது கையால சீப்பப் பிடுங்கினா. முடியல. சீப்பு கீழ விழுந்துச்சு. ரெண்டு பேரும் எடுக்காம அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

வாக்குமூலமா? ஓ, அதை மாத்தச் சொல்லத்தான் வந்தீங்களா! நேரா கேக்க வேண்டியதுதானே, எதுக்கு ஆண்டவர இழுக்கறீங்க? மாத்த மாட்டேன். தடுப்பக் கழட்டினது யாருன்னு போலீஸ்ல கேட்டாங்க. பேரச் சொன்னேன். அவர் உங்களுக்கு என்ன வேணும்மான்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன்.

கிளம்பறீங்களா? எப்படியும் ஸ்டேஷனுக்குப் போய் அவனப் பாப்பீங்கல்ல, இந்தாங்க, அவன் சட்டை ரெண்டு. துவைச்சு வச்சிருக்கேன். உள்ள படுத்திருக்காளே அவன் பொண்டாட்டி, அவ ஒண்ணும் சொல்லிவிடல. அம்மா குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க.