கூண்டில் விரித்த மரச்சீவல்

செவ்வாய்க்கிழமை காலை, கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில், நாற்காலித் தொழிற்சாலைச் சட்டை அணிந்த இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"மக வளர்த்த கினி பிக் எலியை நான்தாண்ணே கொன்னுட்டேன்," என்றார் இளையவர்.

"என்னடா உளறுற?"

"கூண்டுல விரிக்க நம்ம மரச்சீவலை அள்ளிட்டுப் போனேன் லா. நல்ல வாசமா இருக்கேன்னு பைன் மரமாப் பாத்துப் பொறுக்கினேன். அந்த வாசமும் தூசும்தான் நுரையீரலைக் கெடுத்துடுச்சாம், டாக்டர் சொன்னாரு. பேப்பரைக் கிழிச்சுப் போட்டிருந்தாலே போதுமாம்."

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. புதைக்கும்போது, 'அப்பா, குழியிலயும் அந்தச் சீவலையே போடுங்க, அதுல படுத்தாத்தான் அதுக்குத் தூக்கம் வரும்'னா."

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார்.

"போட்டியா?"

"ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டேண்ணே."