காலி வண்டியில் லோடு

ஷட்டரை இறக்கிவிடு, டென்னிஸ். காலண்டர் கட்டு ஏற்ற வருகிற லாரி எப்படியும் ரெண்டு மணிக்குத்தான் வரும். எல்லோரும் ஆளுக்கொரு பண்டலை இழுத்துப் போட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். அந்தப் பாட்டையும் நிறுத்து.

கதை நடந்த நேரம் பகல் பன்னிரண்டரை மணி. ஆமத்தூர் தாண்டி, சிவகாசி ரோட்டை விட்டுப் பிரிகிற ஒரு ஒற்றை ரோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஆள் இல்லை, ஆடு இல்லை... ஒரு காக்கா கூடக் கத்தவில்லை.

சிரிக்காதே டென்னிஸ். பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று உனக்கு யார் சொன்னது? உச்சி வெயிலில் வருகிறதுதான் மோசமானது.

என் கூட்டாளி சேசுராஜின் மச்சினன் செல்வமணிக்கு நடந்தது இது. பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, பட்டாசுக் கம்பெனியிலிருந்து லோடு அடித்துக்கொண்டிருந்தான். அதே கம்பெனியில்தான் அவன் மனைவி இசைவாணிக்கும் வேலை. சரவெடி பின்னுவாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அன்றைக்குக் காலி வண்டி. லோடு ஏற்றத்தான் போகிறான். கம்பெனிக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது... டிக். எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம்தான். பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்குகிற வில்லுப் பட்டை கிரீச்... கிரீச்... என்று முனகியது. சுமை ஏறினால்தான் அந்தச் சத்தம் வரும். திரும்பிப் பார்த்தான். ஒரு கிழிந்த சாக்கு மட்டும் கிடந்தது.

அப்புறம் ஒரு வாடை. வெடிமருந்து வாடை இல்லை, அது நமக்குப் பழகினது. அடுப்பில் தலைமுடி விழுந்தால் வருமே... அந்த வாடை.

விருதுநகரில் மகேஷ்குமார் என்று ஒரு மெக்கானிக். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். திரையில் ஏதோ ஒரு பழுது நம்பர் வந்தது.

"புகை வெளிய போற வழி அடைச்சிருக்கு, அண்ணாச்சி" என்றான். பிறகு திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "விளக்கு எரிஞ்சப்போ எம்புட்டு ஏத்தியிருந்தீக?"

"காலி வண்டிப்பா."

"காலியா? ஏழெட்டு ஆளு ஏறுன பாரம்ல காட்டுது!"

சென்சாரை மாற்றினான். குழாயைக் கழற்றி ஊதினான். அந்தப் பழுது நம்பரை அழித்தான். மூன்று நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. நாலாம் நாள் அதே பன்னிரண்டரை, அதே இடம்... டிக்.

கடைசியில்தான் சைலன்சர் வாயைப் பார்த்தான் மகேஷ்குமார். பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற வண்டிக்கு அந்த இடத்தில் ஒரு இரும்பு மூடி உண்டு. மூடிக்குள் கம்பி வலை. புகையோடு தீப்பொறி வந்தால் வலை பிடித்துக்கொள்ளும். வாட்ச்மேன் கேட்டில் குனிந்து பார்ப்பார். மூடி இல்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்.

மகேஷ்குமார் வலையை உருவித் தரையில் தட்டினான். கரி விழவில்லை. முடி விழுந்தது. நீள முடி... கொதிக்கிற புகையில் கிடந்தும் கருகாமல், எண்ணெய்ப் பிசுக்கோடு. நடுவில் இரண்டு வளையல் துண்டு.

"பொம்பளைக வேலை செய்யுற எடம். காத்துல பறந்து வந்து மாட்டியிருக்கும்" என்று அவனே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். சொல்லிவிட்டு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினான்.

வலையைச் சுத்தம் செய்து மாட்டினார்கள். நாலாம் நாள் மறுபடி விளக்கு. மறுபடி வலை நிறைய முடி.

செல்வமணி முன்கோபி. தீபாவளி சீசன் வேறு. நடை தவறினால் கம்பெனியில் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு சாயங்காலம் வலையை உருவிக் கருவேலங்காட்டுக்குள் எறிந்தான். வெறும் மூடியை மட்டும் திரும்ப முடுக்கினான். வாட்ச்மேன் மூடியைத்தானே பார்க்கப்போகிறார்! விளக்கு எரியவில்லை. வண்டி பறந்தது. பயல் விசிலடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

சோறு போடும்போது இசைவாணி கேட்டாள். "ஏங்க, இந்த வண்டி முந்தி ஓடுன கம்பெனியில ஏழு பிள்ளைக வெந்து செத்தாளுகளாம். இதுலதான் தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாகளாம். கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. வலையெல்லாம் சரியாத்தான மாட்டியிருக்கீக?"

"மாட்டியாச்சு. பேசாம கொழம்பை ஊத்து."

அவள் நம்பினாள். எனக்கு இந்த இடத்தில்தான் வயிறு எரியும். அந்த ஒரு வார்த்தையை நம்பி அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

மறுநாள் பன்னிரண்டரை. வாட்ச்மேன் குனிந்தார், மூடியைப் பார்த்தார், கையைக் காட்டினார். செல்வமணி உள்ளே போய் ரிவர்ஸ் எடுத்தான். சரவெடி அறைக்கு வெளியே வெயிலில் திரி காய்ந்துகொண்டிருந்தது. எடுத்த எடுப்பில் பெரிய சத்தம் எல்லாம் இல்லை. ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சீறல். அவ்வளவுதான். அடுத்ததுதான் வெடித்தது.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கையில் இருந்த சரத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று இசைவாணி ஒருத்தி மட்டும் உள்ளே இருந்தாள்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க அவனால் முடியவில்லை. ஈரச் சாக்கில் சுற்றி, அவளைத் தூக்கி வண்டியின் பின்னால் கிடத்தினான். அவளை மட்டும்தான். பதறியடித்துக் கிளம்பியதில் துணைக்குக்கூட யாரையும் ஏற்றவில்லை. அவளுக்குப் பேச்சு இருந்தது, மூச்சு இருந்தது. சிவகாசிக்குப் பதினைந்து நிமிஷம். போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துவிடுவாள்.

கேட்டைத் தாண்டி அரை கிலோமீட்டர்... டிக்.

வலை இல்லை. அடைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் விளக்கு எரிந்தது. பட்டை கிரீச் என்றது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கிரீச்... அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு கிரீச்சுக்கும் வண்டி இன்னும் கொஞ்சம் தணிந்தது. மாதாவே, மாதாவே என்று கத்திக்கொண்டு ஆக்சிலேட்டரின் மேல் ஏறி நின்றே மிதித்திருக்கிறான். பக்கத்தில் போன சைக்கிள்காரர் அவனை முந்திக்கொண்டு போனார்.

பின்கண்ணாடியை அவள் தட்டினாள். வலி தாங்காமல் கத்தப்போகிறாள் என்று நினைத்தான். கத்தவில்லை. ரொம்பச் சன்னமாகச் சொன்னாள்.

"ஏங்க... கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. எல்லாரும் என் மேலேயே உக்காந்திருக்காக."