கீரை அறையில் பன்னிரண்டாம் நாள்

சிறுகீரைக்குத் தண்ணீர் அதிகமானால் வேர் அழுகிவிடும். காவலுக்கு நிற்பவரிடம் சொல்லி வையுங்கள், இன்ஸ்பெக்டர். அறையில் நாற்பது தட்டுகள் உயிரோடு இருக்கின்றன.

விண்வெளி நிலையத்தில் தங்குவோருக்கு உணவையும் காற்றையும் செடிகளே தர இயலுமா என்பது என் ஆய்வு. அதற்காகவே 1996இல் பீளமேட்டில் காற்றுப் புகாத அந்தச் சிற்றறையைக் கட்டினேன். இரண்டு கட்டில் போடும் அளவு. வெயிலுக்குப் பதில் விளக்குகள். தாழ் வெளிப்புறம் மட்டும். உள்ளே இருக்கச் சம்மதித்தவர் மயில்சாமி, சோமனூரில் தறி ஓட்டியவர். பதினைந்து நாள் ஒப்பந்தம். முடியாவிட்டால் கதவைத் திறக்கும்படி உள்ளிருக்கும் மைக்கில் கேட்க வேண்டும், உடனே திறப்பேன்.

பதினொரு நாள் குறையின்றிக் கழிந்தன.

“ஏனுங்க சார், கீரையத் தின்னு தின்னு நானே பச்சையாயிட்டனுங்க. ஊட்டுக்குப் போனா ஆடு என்னையத்தான் மொதல்ல கடிக்கும்” என்று சிரித்தார்.

அறிக்கையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: விளக்குகள் பழுதானால் உள்ளிருப்பவர் எத்தனை மணி நேரம் தாங்குவார்? காலிக் கட்டத்தோடு அறிக்கை அனுப்புவது என் வழக்கமன்று. மின்வெட்டு என்று உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. பன்னிரண்டாம் நாள் காலை எட்டரை மணிக்கு விளக்குகளை அணைத்தவன் நான்.

இருட்டில் செடியும் மனிதனைப் போலவே மூச்சு விடும். நான் உட்காரவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே பிராணவாயு எவ்வளவு குறைந்தது என்று மானியில் பார்த்தேன். கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். கொடுத்ததை மறந்து மீண்டும் கொடுத்தேன்.

மாலையில் அவர் குரல் வந்தது.

“சாருங்க, தலை கிர்ருங்குது. கரண்டு எப்ப வருமுங்க?”

“வந்துரும். கதவத் தொறக்கோணுமா?”

“உங்க வேலை கெட்டுப்போயிருமுங்களே. நீங்க பாத்துச் செய்யுங்க.”

‘திறக்கக் கேட்கவில்லை’ என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் மீண்டும் பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நெடுநேரம் மூச்சு வாங்கியது.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குச் சிரமமில்லீனா, ஒருக்கா இந்தப் பக்கம் வந்துட்டுப் போங்க.”

அதையும் அவ்வாறே குறித்தேன். பதினொன்று பத்துக்கு ஒலிபெருக்கியில் மூச்சொலி நின்றது. கட்டத்தை நிரப்பினேன்: இருபத்தாறு மணி நாற்பது நிமிடம். பிறகு விளக்குகளைப் போட்டேன். மாலைக்குள் கீரை நிமிர்ந்துவிட்டது.

கேட்டிருந்தால் திறந்திருப்பேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். நானும் அதே கொங்கு மண்ணில், பெருந்துறையில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் உயிர் போகிறவன் ‘ஒருக்கா வந்துட்டுப் போங்க’ என்பதைவிடப் பலமாகக் கதறுவதில்லை.