எட்டுப் பேருக்குக் காபி

ஒருவருக்குக் காபி வடிப்பது யாருக்கும் கைவரும், ஐயா. எட்டுப் பேருக்கு ஒரே தடவையில் வடிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. எழுபத்தைந்து கிராம் தூள், ரவையைவிடச் சற்றுக் கொரகொரப்பாக. ஒன்றேகால் லிட்டர் வெந்நீர். காகித வடிகட்டியில் தூள் நனையும் அளவுக்கு முதலில் ஊற்றி, முக்கால் நிமிடம் பொறுக்க வேண்டும். அப்புறம் மெல்ல, வட்டமாக ஊற்ற வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் கசந்துவிடும்.

இந்த மலையில், குண்டூர் நாட்டில், எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்கள் தங்க வாடகைக்கு விடுகிறோம். என் காபிக்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு. என் கணவர் செங்கோடனுக்கோ அது வீண் வேலை.

"இனிமே நானே அண்டாவுல காச்சி ஊத்தறேன். நீ சொட்டுச் சொட்டா வடிச்சு மானத்த வாங்காத" என்றார்.

நல்ல மனிதர்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்களே, அந்தக் கதை. அன்று எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறினார். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில். கணுவில் கால் வைத்து ஏறுவது. கீழே ஒருவர் பிடிக்காவிட்டால் புரண்டுவிடும். இடுப்பில் மிளகு மூட்டையோடு இருப்பவரால் குனிந்து பார்க்க முடியாது. கீழிருப்பவர் "புடிச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்த பிறகே காலை இறக்குவார். நான் மரத்துக்குப் பத்தடி தள்ளி மேசை போட்டு வடித்துக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலையும் ஆகட்டுமே என்றுதான்.

பாதி ஊற்றியிருந்தேன். "மேகலா, எறங்கறேன். ஏணியப் புடிச்சியா?" என்றார்.

"புடிச்சிருக்கேங்க" என்றேன்.

கெட்டில் என் வலக்கையில் இருந்தது. பொய் சொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. பேச்சை வளர்த்தால் கை நடுங்கும்.

விழுந்த பிறகும் அவருக்கு நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டார். பக்கத்தில் இருந்ததோ அளந்து வைத்த தண்ணீர். நான்கு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். அவருக்கு எப்போதுமே பொறுமை கிடையாது.

காபி அருமையாக வந்திருந்தது.

அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட ஏன் ஓடி வரவில்லை என்று கேட்கிறீர்கள். அவர்கள் அடுத்த நாள்தான் வருவதாக இருந்தது. அன்று வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. ஒத்திகை பார்க்காமல் விருந்தாளிக்குக் கொடுக்க முடியுமா, ஐயா?