பிரெஞ்சு ஓட்டலில் ஒரு வெள்ளிக்கிழமை

அடைக்கலமேரி: மெர்லினு, மடிக்கிற துணிய அப்படியே போட்டுட்டு இங்கிட்டு வா. கிட்டக்க வந்து ஒக்காரு தாயி. இன்னைக்கு நானும் ஒங்கப்பாவும் பட்ட கூத்த ஒன்னு விடாம ஒனக்குச் சொல்றேன்.

மெர்லின்: கூத்தெல்லாம் அப்பறம்மா. அப்பா சரின்னாரா இல்லையா, அத மொதல்ல சொல்லு.

அடைக்கலமேரி: சொல்றேன்டி. கதைய வாலுல இருந்தா ஆரம்பிக்க முடியும்?

ஆரோக்கியமுத்து: பஸ்ஸ விட்டு எறங்கி ஒரு வாய் தண்ணி குடிக்கல... அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா.

மெர்லின்: அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க. ஜெரால்டப் பிடிச்சிருக்கா?

ஆரோக்கியமுத்து: நான் மாப்பிள்ளை பாக்கப் போகலத்தா. சாப்பிட்டுப் பாக்கப் போனேன். கரண்டி பிடிக்கிறவனுக்கு எம் பொண்ணக் குடுக்கணும்னா, அவன் ஆக்குனத நான் ஒரு வாய் தின்னு பாக்கணும்னு சொன்னேன்ல... தின்னுட்டேன். பதில நாளைக்குச் சொல்றேன்.

மெர்லின்: நாளைக்கா? அதுவரைக்கும் எனக்கு உசுரு இருக்கணும்ல...

அடைக்கலமேரி: அவரு கெடக்காரு, நீ கேளு. திருமயம் தாண்டி அந்தச் செட்டியார் வீட்ட ஓட்டலாக்கி வச்சிருக்காங்கள்ல, வாசல்ல கால வச்சதும் கோட்டுப் போட்ட பையன் ஒருத்தன் ஓடியாந்து கும்பிட்டான். ஒங்கப்பாவும் கும்பிட்டுட்டு, 'தம்பி, பந்தி எங்கிட்டு நடக்குது'ங்கிறாரு.

ஆரோக்கியமுத்து: வேற என்னன்னு கேக்குறது?

அடைக்கலமேரி: அவன் சிரிக்கலடி. பவ்யமா, 'வாங்கய்யா, ஒங்க பந்தி இங்க'ன்னு கூட்டிட்டுப் போயி ஒரு மேசையில ஒக்கார வச்சான். வெள்ளவெளேர்னு துணி விரிச்சிருக்கு. கைய வைக்கவே எனக்குக் கூச்சமாப் போச்சு. ரெண்டு பக்கமும் கத்தி, முள்ளுக்கரண்டின்னு வரிசையா...

ஆரோக்கியமுத்து: ஆபரேசன் பண்ற ரூமு மாதிரி.

மெர்லின்: சாப்பாடு எப்படிம்மா இருந்துச்சு?

அடைக்கலமேரி: மொதத் தட்டு வந்துச்சு. தட்டு மொறம் அகலம். நடுவுல கோலிக்குண்டு கணக்கா ஒரு மீன் உருண்டை...

ஆரோக்கியமுத்து: நெல்லிக்கா அளவு இருந்துச்சு. உள்ளதச் சொல்லு.

அடைக்கலமேரி: சரி, நெல்லிக்கா. ஆனா வாயில போட்டேன் பாரு... வெண்ணெயா கரையுது. இன்னொன்னு கேக்கலாமான்னு பாக்குறேன், தட்டையே எடுத்துட்டுப் போயிட்டான்.

ஆரோக்கியமுத்து: எனக்கு அது நாக்குல பட்டுச்சா இல்லையான்னே தெரியல.

அடைக்கலமேரி: இருங்க, ஜெபத்த விட்டுட்டேன். அந்த உருண்டைய வாயில போடுறதுக்கு முன்னாடி ஒங்கப்பா எந்திரிச்சு நின்னு, சிலுவை போட்டு, சாப்பாட்டு ஜெபத்தச் சத்தமாச் சொன்னாரு. சரி, வழக்கந்தானன்னு நானும் சொன்னேன். அடுத்த தட்டு வந்துச்சு. மறுபடி எந்திரிக்கிறாரு.

மெர்லின்: மறுபடியுமா... அப்பா...

ஆரோக்கியமுத்து: புதுத் தட்டு வந்தா புதுச் சாப்பாடுதான? முன்னாடி சொன்ன ஜெபம் இதுக்கு எப்படிச் சேரும்?

அடைக்கலமேரி: தட்டுக்குத் தட்டு ஜெபம்டி. பக்கத்து மேசையில ஒரு வெள்ளக்கார அம்மாவும் அய்யாவும். ரெண்டு தட்டு வரைக்கும் பாத்தாங்க. அப்பறம் அவங்களும் முள்ளுக்கரண்டியக் கீழ வச்சுட்டுக் கையக் கூப்ப ஆரம்பிச்சுட்டாங்க. பரிமாற வந்தவன் தட்டத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆமென் சொல்ற வரைக்கும் அசையாம நிக்கிறான்.

மெர்லின்: போதும்மா, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது... நாளைக்கு ஜெரால்டு மொகத்துல எப்படி முழிப்பேன்?

ஆரோக்கியமுத்து: அந்த வெள்ளக்காரம்மா நல்லாத்தான் ஆமென் சொன்னாங்க.

மெர்லின்: மத்தவங்கள்லாம் எப்படி இருந்தாங்க? அவங்களுக்குச் சாப்பாடு பிடிச்சுச்சா?

அடைக்கலமேரி: அது ஒரு தினுசு. புதுக்கோட்டையில இருந்து ஒரு குடும்பம் வந்திருந்துச்சு, யாருக்கோ பெறந்தநாளு. மக போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள சூப்பு ஆறிப்போச்சு. அவ அப்பா, 'சோறு எப்பப்பா வரும், ஊறுகாயாச்சும் குடுங்க'ன்னு கேட்டு மாளல. அந்த வெள்ளக்காரங்க என்னன்னா, ரொட்டியால தட்டத் தொடச்சுத் தொடச்சுத் தின்னுட்டு, எங்க ஊருலகூட இப்படிக் கெடைக்காதுன்னு பையன்கிட்டச் சொல்றாங்க.

ஆரோக்கியமுத்து: ரொட்டியா அது? வெறகுக்கட்ட. எனக்கு ஒரு பல்லு ஆடிப்போச்சு.

அடைக்கலமேரி: அது பொங்கல்ல கரும்பு கடிச்சப்பவே ஆடுன பல்லு. ரொட்டி மேல போடாதீங்க.

மெர்லின்: அம்மா, அவரு வெளிய வந்து ஒங்களப் பாத்தாரா?

அடைக்கலமேரி: அடுப்ப விட்டுட்டு எப்படி வருவான்? கண்ணாடிக்கு அங்கிட்டு வெள்ளத் தொப்பி மட்டும் தெரிஞ்சுச்சு. கடைசியா ஒரு இனிப்பு வந்துச்சு பாரு... பால்கட்டி மாதிரி, மேல சீனியக் கருக்கி ஊத்தியிருக்கான். கரண்டியால தட்டினா கண்ணாடி ஒடையிற மாதிரி சத்தம்.

ஆரோக்கியமுத்து: சீனியத் தீய விட்டுட்டு அதுக்கு ஒரு பேரு.

அடைக்கலமேரி: கிண்ணத்தச் சுரண்டுனது யாரு? எனக்குன்னு வச்சதையும் இழுத்துக்கிட்டது யாரு?

மெர்லின்: அப்ப அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு...

ஆரோக்கியமுத்து: இரு. எனக்கு ஒன்னு மட்டும் தெரியணும். இன்னைக்கு என்ன கெழமைத்தா?

மெர்லின்: ...வெள்ளிக்கெழமைப்பா.

ஆரோக்கியமுத்து: நம்ம வீட்டுல வெள்ளிக்கெழமை கறி உண்டா?

மெர்லின்: கெடையாது. மீன் மட்டுந்தான்.

ஆரோக்கியமுத்து: அதனாலதான் வெள்ளிக்கெழமையாப் பாத்துப் போனேன். வருசக்கணக்கா பாரீசுல இருந்த பையன். கோயிலு, ஒருசந்தி விரதம் எல்லாம் மறந்திருப்பான், கறியக் கொண்டாந்து வைப்பான், தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சு வந்துடலாம்னு நெனச்சுத்தான் போனேன்.

அடைக்கலமேரி: அடப்பாவி மனுசா, பந்தியில இருந்து எந்திரிச்சு வர்றதுக்கா என்னையப் பட்டுச்சீல கட்டச் சொன்னீங்க?

ஆரோக்கியமுத்து: சுத்தி எல்லா மேசையிலயும் வாத்துக்கறி, ஆட்டுத்தொடை. நம்ம மேசைக்கு மட்டும் மீனு, எறா, காளான். ஒரு துண்டு கறி வரல.

மெர்லின்: அது... நல்லதுதானப்பா?

ஆரோக்கியமுத்து: நல்லதுதான். ஆனா நான் மேசை சொல்லி வச்சது மூக்கன்னு ஒரு பொய்ப் பேருல. நாம இன்னாருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

அடைக்கலமேரி: மூக்கன்னு பேரச் சொல்லிட்டு நட்டுக்க நின்னு சிலுவை போட்டா யாருக்குத்தான் தெரியாது? அதப் பாத்துட்டு அடுப்படியில போயிச் சொல்லியிருப்பான்.

ஆரோக்கியமுத்து: சிலுவை போடுறதுக்கு முன்னாடியே மீன் உருண்டை மேசைக்கு வந்துருச்சு மேரி.

அடைக்கலமேரி: மெர்லினு, அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா தாயி.

ஆரோக்கியமுத்து: என்ன, ஆத்தாளும் மகளும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்குறீக?

மெர்லின்: நான்தாம்ப்பா. காலையில நீங்க பஸ் ஏறுனதுமே அவருக்குப் போன் பண்ணி, அம்மா பட்டுச்சீல நெறத்த அடையாளம் சொல்லிட்டேன்.

அடைக்கலமேரி: அவள ஏசாதீங்க. நீங்க வெள்ளிக்கெழமைன்னு சொன்னப்பவே எனக்கு ஒங்க புத்தி தெரிஞ்சு போச்சு. நான்தான் அவளப் போன் பண்ணச் சொன்னேன்.

மெர்லின்: கேள்வித்தாள முன்னாடியே குடுத்துட்ட மாதிரி ஆயிருச்சு... நான் சொல்லாட்டியும் அவரு அப்படித்தாம்ப்பா. வெள்ளிக்கெழமை அவரும் கறி தொடமாட்டாரு. நான்தான் பயந்து போயி... என்னால கெட்டுச்சா? சொல்லிடுங்கப்பா, நாளைக்கு வரைக்கும் என்னால முடியாது.

ஆரோக்கியமுத்து: அவன் தொடமாட்டான்னு எனக்குத் தெரியும்.

மெர்லின்: ஒங்களுக்கு எப்படி...

ஆரோக்கியமுத்து: போன மாசம் அறந்தாங்கிக்கு ஒரம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல. போகல. அந்த ஓட்டலுக்குப் பின்பக்கம் வேப்பமரத்தடியில போயி ஒக்காந்திருந்தேன். அன்னைக்கும் வெள்ளிக்கெழமை. பந்தி முடிஞ்சு வேலைக்காரங்க எல்லாரும் மிச்சமிருந்த வாத்துக்கறியப் போட்டுச் சாப்பிடுறாங்க. நீ போட்டோவுல காட்டுன பையன் மட்டும் தள்ளி ஒக்காந்து, மோர்ச்சோத்தையும் கருவாட்டையும் வச்சுக்கிட்டு சிலுவை போட்டான். 'ஏன் தம்பி, ஒனக்குக் கறி இல்லையா'ன்னேன். 'இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்கய்யா... நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு சோத்துல பாதிய எனக்கு எடுத்து வச்சான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது.

மெர்லின்: அப்பா...

ஆரோக்கியமுத்து: அந்தச் சோத்தத் தின்னப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். கறி வந்தா எந்திரிச்சு வந்துடலாம்னு இருந்தேன்னு சொன்னதெல்லாம் சும்மா ஒங்கள மெரட்டிப் பாக்கத்தான்.

அடைக்கலமேரி: அப்ப இன்னைக்கு என்னத்துக்கு என்னைய அம்புட்டுத் தூரம் இழுத்துக்கிட்டுப் போனீங்க? இந்தப் புள்ளைய ஏன் இம்புட்டு நேரம் தவிக்க விட்டீங்க?

ஆரோக்கியமுத்து: கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து எல்லாருக்கும் போட்டுட்டு, நின்ன எடத்துல நின்னுக்கிட்டே நீ சாப்பிடுறத நான் பாக்காமலா இருக்கேன்? ஒரு தடவையாச்சும் நீ ஒக்காந்து, இன்னொருத்தன் ஒனக்குப் பரிமாறி, சூடாச் சாப்பிடுறதப் பாக்கணும்னு ஆசை. சும்மா கூப்பிட்டா வருவியா நீ? மாப்பிள்ளை பாக்கன்னாத்தான் கெளம்புவ, அதனால வாயத் தொறக்கல... ஏத்தா மெர்லினு, அழாத. அவனுக்குப் போனப் போட்டு, அவுக வீட்டுல இருந்து ஞாயித்துக்கெழமை வரச் சொல்லு. நீங்க குடியிருக்கப் போற வீட்டுல அடுப்பு அணையாம இருக்கட்டும். வந்த சனத்துக்கெல்லாம் வயிறு நெறயட்டும். ஆக்குனவுகளும் சாப்பிடுறவுகளும் ஒன்னா ஒக்காந்து எந்திரிக்கிற வீடா, மாதா அத வச்சிருக்கட்டும்.