படஹோஸ்காரனின் போர்வை

என் தங்கை பிரிஜிதா வைக்கும் பூண்டுக் கஞ்சிக்கு எல்வாஷ் ஊரில் ஈடு கிடையாது, ஐயா. அவள் புருஷன் லாசரோவை நான் கவனிக்கத் தொடங்கியது அந்தக் கஞ்சியால்தான்.

எல்லைக்கு அப்பால், ஸ்பெயினின் படஹோஸில் பிறந்தவன் அவன். பன்னிரண்டு வருடமாக எங்கள் ஊரில் பீப்பாய் செய்துவந்தான். ஸ்பானியப் படை எங்கள் போர்த்துக்கீசியக் கோட்டையை வளைத்து மூன்று மாதமாகியிருந்தது. காய்ச்சலில் தினமும் பிணம் விழுந்தது. அவனுக்கோ ஒரு தும்மல்கூட வரவில்லை. தன் பங்குக் கஞ்சியைப் பக்கத்து வீட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துவிடுவான். முற்றுகைக்குள் எவன் சோற்றைத் தானம் செய்வான்? வேறெங்கோ வயிறு நிறைகிறவன்தானே?

தங்கையிடம் சொன்னேன்.

"அண்ணே, அவரு எலும்பும் தோலுமா நிக்குறாரு. கண்ணத் தொறந்து பாரு" என்றாள்.

பார்த்தேன். மெலிந்துதான் இருந்தான். சந்தேகம் வராதபடி மெலிந்திருந்தான்.

ஜனவரி பதினான்காம் தேதி காலையில் எங்களை மீட்கும் படை வந்துவிட்டது. கடும் பனிமூட்டம். கோட்டைக்குள் இருந்தவர்களும் வெளியேறிப் போரிட்டார்கள். கோட்டையின் சிறு வாசல் சாவி என்னிடம் இருந்தது. லாசரோ வந்தான்.

"மச்சான், கதவத் தொற. அடிபட்டவங்களத் தூக்கிட்டு வரேன்."

"குளிரா இருக்கு மாப்பிள்ள. இதப் போத்திக்கிட்டுப் போ."

ஸ்பானியக் கைதி ஒருவனிடமிருந்து எடுத்த சிவப்புப் போர்வை அது. இருட்டு வாசலில் அவன் அதன் நிறத்தைக் கவனிக்கவில்லை. "நீ நல்லா இருக்கணும் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் கதவைப் பூட்டினேன். மதில்மேல் இருந்த துப்பாக்கிக்காரர்களிடம், சிவப்புப் போர்வையோடு ஒருவன் வேவு பார்க்கிறான் என்று சொன்னேன். கட்டளையிட நான் யார்? தகவல்தான் சொன்னேன்.

இரண்டு முறை வெடித்தது.

அவன் உடனே சாகவில்லை. ஊர்ந்து வந்து கதவைத் தட்டினான். "மச்சான், நான்தான்... பிரிஜிதா தனியா இருக்கா, தொற" என்றான். சாவி கையிலேயே இருந்தது. தட்டுவது நிற்கும்வரை கதவில் சாய்ந்து நின்றேன்.

அன்று நாம் வென்றோம். தங்கை இன்றுவரை என்னிடம் பேசவில்லை. அவளுக்கு விவரம் போதாது.

கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். சாகிற நேரத்தில்கூட அவன் நம் போர்த்துக்கீசிய மொழியில்தான் கூப்பிட்டான். ஒரு சொல்லும் பிசகவில்லை. அவ்வளவு சுத்தமாகப் பேசுகிறவனை எப்படி ஐயா நம்புவது?